இரண்டாம் விதை இருந்த வீடு

மட்டாஞ்சேரியில் நான் பார்த்த முதல் பெரிய மழையன்று என் வீட்டுக்காரர் மழையைத் திட்டிக்கொண்டு நின்றார். கல்யாணமாகி வந்த புதிது. இறவாரத்தில் நின்று, தெருவில் ஓடிக் கால்வாயில் விழுந்து காயலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க, நனையாதீங்க என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. "இம்புட்டுத் தண்ணியும் கடலுக்குப் போகுது பாரு, அங்க போயி இது என்ன செய்யப்போகுது?" என்றார். யாரோ நம் வீட்டுச் சோற்றை வேண்டுமென்றே வாசலில் கொட்டுகிற மாதிரி ஒரு ஆற்றாமை அந்தக் குரலில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் பிறந்தது வைகைக் கால்வாய் பாய்கிற ஊர். எங்களுக்கு மழை என்றால் துணி காயாது, பள்ளிக்கூடம் கிடையாது, அவ்வளவுதான். அவருடைய ஊர் ராமநாதபுரம் பக்கத்தில் வானம் பார்த்த பூமி. கிணறு கிடையாது, ஆறு கிடையாது, கண்மாய் இருந்தும் பாதி வருஷம் அதில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். அந்த வீட்டுக்கு நான் வாக்கப்பட்டுப் போனபோது அங்கே யாரும் எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தேன். நெல்லைப் பள்ளத்தில் போடுவார்கள், மேட்டில் மிளகாய், வரப்போரத்தில் குதிரைவாலி. பெரிய மழை வந்தால் நெல் பிழைக்கும், மழை ஏமாற்றினால் குதிரைவாலி பிழைக்கும், இரண்டும் கெட்டால் ஆடு இருக்கும். அண்ணன் தம்பி இருவரில் அண்ணன் மண்ணோடு இருந்தார், தம்பியைக் கொச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அந்தத் தம்பிக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். குடும்பத்தின் துண்டு துக்காணிகளில் நானும் ஒன்று என்று அவரிடம் சொல்லிக் காட்டுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கொச்சிக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. எங்கள் வீடு கிடங்குகளுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் தீப்பெட்டி இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று அடுப்பு மேடையில், ஒன்று தகரப் பெட்டிக்குள் துணிக்கு அடியில். குடை இரண்டு. இந்த வருஷம் விளையுமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார், "பாப்போம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாமா என்று கேட்டாலும் அதே பாப்போம்தான். எரிச்சலாக வரும்.

அவர்கள் வீட்டில் விதைக்கு ஒரு முறை உண்டு. களத்தில் நெல் அடித்ததும் சாப்பாட்டுக்கு அளக்கும் முன்பே விதையை எடுத்துவிடுவார்கள், அதையும் இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் விதையைப் புரட்டாசி பிறக்கும்போது, மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் விதைத்து உழுது மூடிவிடுவார்கள். மழை வந்தால் முளைக்கும். பெரிய மழையாக வந்தால் நல்லது. நாலு தூறல் போட்டுவிட்டு வானம் வெளுத்துவிட்டால், முளைத்த பயிர் வெயிலில் கருகும். அப்போது இருக்கிறது இரண்டாம் விதை. ஐப்பசி மழைக்கு அதை மறுபடி போடலாம். அது கையில் இல்லாதவனுக்கு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த வருஷம் இல்லை. ஆனால் புரட்டாசி வருவதற்குள் ஆனியும் ஆடியும் வருமே, குதிரில் நெல் தீர்ந்துபோகுமே, பிள்ளை அழுமே, வீட்டில் இருக்கும் விதையை எந்தத் தாய் பார்த்துக்கொண்டு இருப்பாள்? அதனால் இரண்டாம் விதையைச் சொந்த வீட்டில் வைப்பதில்லை. பசி எட்டாத இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வழக்கமாக அது இவர்களுடைய தங்கை வாக்கப்பட்ட வீட்டுக்குப் போகும்.

நான் வந்த இரண்டாம் வருஷம், எழுபதுகளின் நடுவில், இவர்கள் ஊரில் அரைகுறை விளைச்சல், தங்கையின் ஊரில் அதுகூட இல்லை. பசித்த வீட்டில் விதையை வைத்துவிட்டு அதைத் தொடாதே என்று தங்கையிடம் சொல்வதற்கு அண்ணனுக்கு மனசு வரவில்லை. அறுவடைக்கு ஊருக்குப் போயிருந்த நாங்கள் கொச்சிக்குக் கிளம்பும்போது அவர் விதை மூட்டையைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் வைத்தார். "மழை பேயிற ஊர்ல யாரு பசிச்சுக் கெடக்கப் போறா? அங்க கொண்டுபோயி வச்சிரு" என்றார். என் வீட்டுக்காரருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சித்திரைக்கார் நெல், அரைச் சாக்கு. பஸ் மாறி பஸ் மாறிக் கைக்குழந்தை மாதிரி அதை மடியோடு அணைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு சீட்டு கிடைத்தபோது அதில் என்னை உட்காரச் சொல்லாமல் மூட்டையை உட்காரவைத்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மூட்டை கட்டிலுக்கு அடியில் இருந்தது. சித்திரை வைகாசி வரை ஒன்றுமில்லை. பிறகு இடவப்பாதி என்று அங்கே சொல்லும் பருவமழை பிடித்தது. அந்த ஊர் மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது வெளியில் மட்டும் பெய்வதில்லை. உப்பு கசியும், சுவர் வியர்க்கும், பெட்டிக்குள் இருக்கும் பட்டுச்சேலையில் பூஞ்சை பூக்கும். நான் சுக்குக் கிடங்கில் சுக்குப் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அங்கேயே ஈரத்துக்குப் பயந்து சரக்கைப் பலகை மேல் ஏற்றிவிட்டார்கள். ஒரு நாள் வீடு பெருக்கும்போது மூட்டைக்குள் கையை விட்டேன். நெல் வெதுவெதுவென்று இருந்தது. ஒரு புளித்த வாடை. அவர் வேலை விட்டு வந்ததும் சொன்னேன். அவர் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் என்ற ஒன்று வந்தால்தானே காயவைக்க? அது வர இன்னும் மாசக்கணக்காகும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சேச்சி வந்தாள். எங்களுக்கும் அவளுக்கும் ஒரே சுவர். அவளுடைய புருஷன், நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுவோம், வேறொருவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். சேச்சி மலையாளத்தோடு தமிழைக் கலந்து என்னிடம் பேசுவாள், நான் தமிழோடு மலையாளத்தைக் கலந்து அவளிடம் பேசுவேன், நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம். அவள் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தாள், பிறகு கேட்காமலே மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். அவள் வீட்டு அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண் ஒன்று உண்டு. குடம்புளியும் கருவாடும் அதில் புகையில் கிடந்து காயும். எங்கள் அடுப்படியில் அப்படி ஒன்று கிடையாது, எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புகையில் காயவைக்க வேண்டிய அவசியம் எப்போதாவது வந்திருந்தால்தானே. பழைய வேட்டியைக் கிழித்து நெல்லைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றினோம். நாலைந்து நாளில் வாடை போய்விட்டது. நெல்லில் குடம்புளி மணமும் கருவாட்டு மணமும் ஏறியது. முளைக்கிறபோது மீன் முளைக்குமோ என்று கேலி செய்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் பாப்போம் என்று சொல்லாமல் சிரித்தது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆடி பிறந்தது. அங்கே அதற்குக் கர்க்கடகம் என்று பெயர். நின்றால்தானே மறுபடி பெய்ய என்கிற மாதிரி ஒரே அடைமழை. ஒரு நாள் கிடங்கில் வேலை இல்லை என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஊறுகாய் போட்டிருந்தேன், ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சேச்சி வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு, வீடு முழுக்கப் புகை. பானையில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என்ன சேச்சி கறி என்று கேட்டுக்கொண்டே உரிமையாக மூடியைத் தூக்கினேன்.

வெறும் தண்ணீர். அரிசி இல்லை, கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு இல்லை, ஒரு இலைகூட இல்லை. நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உப்புமா கிடைத்துவிடும் என்றாள், ராத்திரிக்குச் சேம்பந்தாள், நம் சேப்பங்கிழங்குத் தண்டு, பறித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கடல் கொந்தளித்துக் கிடக்கிறது, வள்ளம் இறங்கி எத்தனையோ நாளாகிறது, எல்லாக் கர்க்கடகமும் இப்படித்தான், ஓணம் வந்தால் சரியாகிவிடும் என்று அவள் ஏதோ அடுத்த வீட்டுக் கதையைப் போலச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. துக்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். சமைக்க ஒன்றுமில்லாதபோது இருக்கிற விறகையும் எதற்கு எரித்துத் தீர்க்கிறாய், உனக்குப் பைத்தியமா என்று கத்தினேன்.

சேச்சி பரணைப் பார்த்தாள். "அதினு புகை வேண்டே மோளே?" என்றாள்.

அதற்குப் புகை வேண்டாமா என்று கேட்டாள். அடுப்பில் தீ இல்லாவிட்டால் விதை நனைந்துபோகும். அதற்காக, கொதிக்கவைக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும், அவள் காலையிலும் மத்தியானத்திலும் தீ மூட்டியிருக்கிறாள். சும்மா தீ எரிவதைப் பார்த்தால் பிள்ளைகள் கேட்பார்களே என்று பானையில் தண்ணீரை வைத்திருக்கிறாள். அவளுடைய தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தில் எங்கள் நெல் கட்டுக்கட்டாக இருந்தது. உரலும் உலக்கையும் அதே அடுப்படி மூலையில் சாத்திக் கிடந்தன. ஒரு கட்டு குறைந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்குமா என்றால் தெரிந்திருக்காது. நான் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து அழுதேன்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் இருவருக்குமே ஒரே விஷயம்தான் உறுத்தியது. பசி எட்டாத வீட்டில் வைக்க வேண்டும் என்பதுதானே முறை. பசித்த தங்கையின் வீட்டில் வைக்கக்கூடாது என்று அவ்வளவு தூரம் யோசித்துவிட்டு, நேராகக் கொண்டுவந்து பசித்த வீட்டில் வைத்திருக்கிறோம். மழை இல்லாததால் பட்டினி கிடந்தவர்களுக்கு, மழையாலும் பட்டினி வரும் என்று தோன்றவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களுக்குக் கண் இல்லாமல் போனது இதனால்தான். ஓட்டின் மேல் சத்தமாக மழை பெய்யும்போதெல்லாம், இந்த ஊருக்கு என்ன குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவர் எழுந்து சேச்சி வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சேட்டன் ஒரு மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் பரணைக் காட்டி, கட்டுகளை இறக்குங்கள், குத்திச் சாப்பிடுவோம் என்று சொன்னார். ரேஷன் அரிசியில் ஒரு குருணையைக்கூட வீணாக்காத மனுஷன், பஸ்ஸில் எனக்குத் தராத சீட்டை அந்த நெல்லுக்குத் தந்தவர் அதைச் சொன்னார். ஊரில் முதல் விதைப்பு பொய்த்தால் அண்ணன் குடும்பத்துக்கு அந்த வருஷமே கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா?

சேச்சி பரணுக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "அது வித்தல்லே. அதைத் தின்னால் பின்னே மழை பெய்திட்டு என்தா காரியம்?" என்றாள். அது விதையல்லவா, தின்றுவிட்டால் பிறகு மழை பெய்து என்ன பிரயோஜனம் என்று கேட்டாள்.

கடலை நம்பிப் பிழைப்பவள், ஜென்மத்தில் ஒரு நாற்று நட்டிருக்க மாட்டாள். அப்படியானால் எங்கள் வீட்டு அரிசியையாவது வாங்கிக்கொள் என்றேன். அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். தான் கேட்கவில்லையே, தனக்கு இல்லை என்று யார் சொன்னது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் ரோஷம் இருக்காதா? நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் காலை ஓட்டின் மேல் சரசரவென்று சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போனால், அடுப்புக்கு நேர் மேலே ஓடு விலகி, மழை அப்படியே அடுப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் கரைந்து தரையில் ஓடியது. நான் கத்துவதற்குள் என் வீட்டுக்காரர் தலையோடு நனைந்து வாசல் வழியாக உள்ளே வந்தார். கையில் பாசி. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அடுப்பு நனைஞ்சு போச்சு" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொய் சொல்ல வராத மனுஷர். சொல்ல வேண்டிய பொய்யை முதலில் நிஜமாக்கிவிட்டுத்தான் அவருக்குச் சொல்ல வாய் வந்தது. தலையைக்கூடத் துவட்டாமல் சேச்சி வாசலில் போய் நின்று, எங்கள் அடுப்பு நனைந்துவிட்டது, கூரை சரியாகும் வரை உங்கள் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்து உலை வைக்க முடியுமா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கேட்டார். ஓட்டுக்கு என்ன ஆனது என்று சேச்சி கேட்டாள். காற்று என்றார். நேற்று ராத்திரி காற்றே இல்லையே என்றாள். அவர் தரையைப் பார்த்தார். சேச்சி அவருடைய கையில் இருந்த பாசியைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் அரிசிப் பானையோடு நின்ற என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கொண்டு வா என்றாள்.

அந்தக் கர்க்கடகம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, ஒரே பானை. எங்கள் ரேஷன் அரிசி, அவள் சேம்பந்தாள், என் சுக்குக் கிடங்குக் கூலியில் வாங்கும் கப்பை, எப்போதாவது கரையோரத்தில் சேட்டனுக்குக் கிடைக்கும் நாலு மீன். சேர்த்துப் போட்டால் எப்படியோ ஆறு பேருக்கு வந்தது. தீ எரிந்தது, புகை மேலே போனது, விதை காய்ந்தது. வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் ஒருநாள் ஓட்டைச் சரிசெய்ய ஏணியோடு வந்தான். மழை விடட்டும் தம்பி, வழுக்கும், விழுந்துவைக்காதே என்று என் வீட்டுக்காரர் அவ்வளவு அக்கறையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். எங்கள் அடுப்பில் ஒரு சின்னச் செடி முளைத்துவிட்டது.

சிங்கம் என்று அங்கே சொல்லும் ஆவணி பிறந்து கடல் அடங்கி வள்ளங்கள் இறங்கின. சேட்டன் மத்தியும் அயிலையுமாகக் கொண்டுவந்தார், அந்த ஓணத்துக்கு நாங்கள் சாப்பிட்ட மாதிரி அதற்கு முன் சாப்பிட்டதில்லை. ஒருநாள் காலை ஓடு தானாகவே பழைய இடத்துக்கு வந்திருந்தது. காற்று திரும்ப வந்ததோ என்று சேச்சி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

புரட்டாசி கடைசியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், துறைமுகத்தில் வேலைபார்ப்பவர், ஊருக்குப் போய்விட்டு வந்து சேதி சொன்னார். அண்ணன் புழுதியில் விதைத்திருக்கிறார். நாலு தூறல் விழுந்திருக்கிறது, பயிர் பச்சை கட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. கருகிவிட்டது. இரண்டாம் விதையைக் கொண்டுவரச் சொன்னார் என்றார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் வீட்டில் இதற்கெல்லாம் யாரும் அழுவதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வார்கள்.

சேச்சியும் நானும் பரணிலிருந்து கட்டுகளை இறக்கினோம். இத்தனை மாசப் புகையில் வேட்டித் துணி கறுத்துப்போயிருந்தது. விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில மணிகளை எடுத்து நனைத்த துணியில் சுற்றிச் சிரட்டையில் வைத்தோம். சேச்சி அதைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். போகும்போதும் வரும்போதும் துணிமேல் தண்ணீர் தெளித்தாள். பிறகு ஒரு நாள் காலையில் சுவரைத் தட்டினாள். ஓடிப் போய்ப் பார்த்தோம். துணியை விரித்தால், கறுத்துக் கிடந்த நெல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாக மூக்கை நீட்டியிருந்தது. ஒன்றிரண்டு தவிர எல்லாமே. முதல் பிள்ளையைப் பெற்றவளைப் போலச் சேச்சியின் முகத்தில் ஒரு களைப்பும் சிரிப்பும் இருந்தது.

அவர் விதையோடு கிளம்பிவிட்டார். நான் வேலைக்காகக் கொச்சியிலேயே இருந்தேன். துலாவர்ஷம் என்பார்கள், ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கே இருட்டி இடியோடு வரும் மழை. தினமும் அந்த நேரத்தில் நானும் சேச்சியும் வாசலில் நின்று கிழக்கே பார்ப்போம். மழையால் பட்டினி கிடந்தவள், சர்ச்சில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி மழை கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே வேண்டாம் மாதாவே, கிழக்கே கொண்டுபோ, எங்கள் நெல் அங்கேதான் இருக்கிறது என்று தெளிவாக முகவரி சொல்லி வேண்டிக்கொண்டதாக என்னிடம் சொன்னாள். எங்கள் நெல் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

மழை பெய்தது. பெரிய விளைச்சல் என்று சொல்ல முடியாது, ஆனால் விளைந்தது. தை கழிந்து அவர் வந்தபோது இரண்டு மூட்டைகள் கொண்டுவந்தார். ஒன்று வழக்கம்போல இரண்டாம் விதை. அண்ணன் ஐப்பசியில் விதையை முகர்ந்து பார்த்து, இதில் ஏன் மீன் நாற்றம் அடிக்கிறது என்று கேட்டாராம். இவர் நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்டுவிட்டு விதைக்கப் போய்விட்டார். களத்தில் நெல் அடித்த அன்று, விதையை எடுப்பதற்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு மூட்டையைத் தானே அளந்து கட்டி வைத்திருக்கிறார். இது விதை இல்லை, அந்த வீட்டுக்காரர்கள் ஆடியில் குத்திச் சாப்பிட, இதையும் அதே பரணில் ஏற்றச் சொல்லு என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் நெல்லைப் பிரிக்கும் முறை அன்றிலிருந்து மாறியது.

சேச்சி அந்த மூட்டையை வாங்கமாட்டாளோ என்று பயந்தேன். வாங்கிக்கொண்டாள். உடனே வாயைப் பிரித்து ஒரு பிடி நெல்லை அள்ளித் தன் பழைய முண்டின் ஓரத்தைக் கிழித்து முடிந்தாள். இது என்னுடைய பங்கு, உங்கள் கண்டத்தில் போடுங்கள் என்று அதை விதைக் கட்டுகளோடு சேர்த்துப் பரணில் வைத்தாள். கண்டம் என்றால் வயல், அதைப் பார்த்தறியாதவள். அடுத்த புரட்டாசியில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அந்த முடிச்சை ஊருக்குக் கொண்டுபோய், முதல் விதைப்பின்போது வடக்கு மூலையில் தனியாக விதைத்துவிட்டு வந்தார். பல்லுக்கும் காணாத இடம். சேச்சி மூலை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வருஷமும் தூறல் ஏமாற்றியது. வடக்கு மூலை மேடு, அதுதான் முதலில் கருகியது. இரண்டாம் விதையை இறக்கும் நேரம் வந்தபோது இதை எப்படி அவளிடம் சொல்வது என்று என் வீட்டுக்காரர் வாசலிலேயே தயங்கி நின்றார். எங்களுக்குக் கருகிப் பழக்கம், அவளுக்குப் பழக்கமில்லையே. என்னைச் சொல்லச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் அவரே போய்ச் சொன்னார்.

"சாரமில்ல" என்றாள் சேச்சி. போனால் போகட்டும் என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. சொல்லிவிட்டு முக்காலியைப் போட்டு ஏறி, குடம்புளிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். அதே முண்டுத் துணியில் இன்னொரு சின்ன முடிச்சு வெளியே வந்தது. எங்களிடம் சொல்லாமல் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாள். அதை என் வீட்டுக்காரர் கையில் வைத்து, "இதைப் போடு, பாப்போம்" என்றாள்.

மழையைப் பார்த்துக் கோபப்பட்ட, கருகிய பயிரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிய மனுஷர், அந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு சேச்சியின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். புகைதான் காரணம் என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டோம்.